இன்சுலின் போட்டால் சிசேரியன்தானா? கர்ப்பகாலச் சர்க்கரை பற்றிய கேள்விக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும். வயது 29, முதல் கர்ப்பம். மூன்றாம் மாதத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடித்துப் பார்த்தபோது 112. 26வது வாரத்தில் அதே பரிசோதனையில் 164. இரண்டு வாரமாக இனிப்பை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே விரலில் குத்திப் பார்க்கிறீர்கள். வெறும் வயிற்றில் 88 முதல் 92, காலை டிபனுக்குப் பிறகு 150 முதல் 160, மதியம் 122 முதல் 128, இரவு 115 வாக்கில். டாக்டர் இன்சுலின் தொடங்கலாம் என்கிறார். மாமியாரோ, கேழ்வரகுக் கஞ்சி குடித்தாலே இறங்கிவிடும், ஊசி எதற்கு என்கிறார். இன்சுலின் ஆயுள் முழுக்க ஒட்டிக்கொள்ளுமோ, சிசேரியன்தான் ஆகுமோ, குழந்தை சர்க்கரை நோயோடு பிறக்குமோ என்று மூன்று பயங்கள் உங்களுக்கு.

முதல் பயமும் மூன்றாவது பயமும் ஆதாரமற்றவை. நடுவில் இருப்பது பாதி உண்மை. கர்ப்பிணிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் தொழில். தினமும் இதே மூன்றையும்தான் கேட்கிறார்கள். உண்மையில் கவலைப்பட வேண்டிய இரண்டு விஷயங்களைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. ஒன்று காலை டிபன். மற்றொன்று பிரசவமாகி ஆறாவது வாரம். மருந்தின் அளவை மட்டும் நான் சொல்ல மாட்டேன், அது உங்களைப் பரிசோதிக்கும் டாக்டரின் வேலை.

முதலில் குற்ற உணர்ச்சியை ஒதுக்கி வையுங்கள். மசக்கையில் மாம்பழம் நிறையச் சாப்பிட்டதால் வந்ததா என்று கேட்டிருந்தீர்கள். அப்படி வருவதில்லை. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துகின்றன. குழந்தைக்குக் குளுக்கோஸ் தட்டில்லாமல் போய்ச் சேர உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது, எல்லாக் கர்ப்பிணிகளிடமும் நடக்கிறது. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடுகிறது. சிலருக்கு அந்த ஈடு போதுவதில்லை. பெற்றோருக்குச் சர்க்கரை, கர்ப்பத்துக்கு முன்பே கூடியிருந்த எடை, சினைப்பை நீர்க்கட்டி, இவை இருந்தால் வாய்ப்பு அதிகம். நாம் தெற்காசியர்கள் என்பதே ஒரு காரணம். ஒல்லியாக, வீட்டில் யாருக்கும் சர்க்கரை இல்லாத பெண்களுக்கும் வருகிறது. நஞ்சுக்கொடி வளர வளர இந்தத் தடை கூடுவதால்தான் மூன்றாம் மாதத்தில் 112 ஆக இருந்த உங்களுக்கு 26வது வாரத்தில் 164 வந்தது. முதல் பரிசோதனை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

'சாப்பிட்டுவிட்டுப் போனேன், அப்படியே குளுக்கோஸ் கொடுத்துவிட்டார்கள், அந்த முடிவு செல்லுமா?' என்றும் எழுதியிருந்தீர்கள். செல்லும். 75 கிராம் குளுக்கோஸை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பது நம் நாட்டு முறை. 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. சென்னை டாக்டர் வி. சேஷையாவும் அவருடன் பணியாற்றியவர்களும் வற்புறுத்திய முறை இது. பஸ் பிடித்து வரும் கிராமத்துக் கர்ப்பிணியை வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள் என்ற நடைமுறை அறிவு இதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2007இலேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று அரசு உத்தரவிட்டது. மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளும் பின்னர் இதே ஒற்றைப் பரிசோதனையை ஏற்றன. சில தனியார் மருத்துவமனைகளில் வெறும் வயிறு, ஒரு மணி, இரண்டு மணி என்று மூன்று முறை எடுப்பார்கள். அங்கே எல்லைகள் 92, 180, 153. முறை வேறு, எல்லைகள் வேறு. ஒன்றின் முடிவை மற்றொன்றின் எல்லையோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்திருந்தால் மட்டும் இன்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டும்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். இலக்கு எளிது: வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து 120க்குக் கீழ். அந்த இரண்டு மணி நேரத்தை முதல் வாய் சாப்பிட்ட நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல. பழம் நறுக்கிய கையோடு குத்தினால் விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையே அளவைக் கூட்டிக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக ஈரம் துடைத்த பிறகு, விரல் நுனியின் நடுவில் அல்லாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிவிடுங்கள், காற்றின் ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும்.

உங்கள் நோட்டுப் பக்கத்தில் என் கண்ணில் முதலில் பட்டது என்ன தெரியுமா? வெறும் வயிறு சரி. இரவு சரி. மதியம் எல்லையைக் கொஞ்சம் தாண்டுகிறது. காலை மட்டும் தாவுகிறது. காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்: நான்கு இட்லி, சட்னி, பிறகு ஒரு பெரிய டம்ளர் சத்துமாவுக் கஞ்சி, நாட்டுச் சர்க்கரை போட்டு. அந்த டம்ளர்தான் பிரச்சினை.

விடியற்காலையில் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும் ஹார்மோன்கள் உச்சத்தில் இருக்கும். அதனால் மதியம் தாங்கும் அளவு மாவுச்சத்தைக் காலையில் உடல் தாங்காது. கஞ்சியோ, அரைத்த மாவு, வெந்த மாவு, நீர்த்த மாவு. மெல்லும் வேலைகூட இல்லாமல் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. கேழ்வரகு நல்ல தானியம்தான், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் மாவுச்சத்தில் அரிசியைவிடச் சற்றுதான் குறைவு. அதைக் களியாகவோ அடையாகவோ காய்கறியோடு சாப்பிடுவது வேறு, கஞ்சியாகக் குடிப்பது வேறு. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், பனங்கற்கண்டு எல்லாமே ரத்தத்துக்குச் சர்க்கரைதான். மாமியாரிடம் வாதாட முடியாவிட்டால் மீட்டரை அவர் முன்னால் வைத்துக் குத்திக் காட்டுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன், மாமியார்கள் எண்ணை நம்புகிறார்கள், ஆலோசகரை நம்புவதில்லை.

நாளையிலிருந்து காலையில் இரண்டு இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், கூடவே ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது இரண்டு முட்டை. இட்லி அலுத்தால் அடை, பச்சைப்பயறு தோசை. கஞ்சியை நிறுத்திவிடுங்கள். பதினொரு மணிக்குப் பசித்தால் கொய்யாவோ மோரும் கொஞ்சம் வேர்க்கடலையுமோ போதும். சர்க்கரை போடாத பாலை அப்போது குடிக்கலாம், டிபனோடு சேர்க்க வேண்டாம். மதியத்துக்குச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் பொரியலும் கீரையும் பருப்பும் மீனும். சாப்பிட்டு எழுந்ததும் படுக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ நடங்கள், டாக்டர் நடக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒழிய. பழச்சாறு வேண்டாம், பழமாகச் சாப்பிடுங்கள். வளைகாப்புக்குக் கலந்த சாதம் ஏழு வகை வரும். எல்லாவற்றிலும் ஒரு வாய் எடுத்து வைத்துச் சடங்கை முடித்துவிட்டு, உங்கள் தட்டை நீங்களே தீர்மானியுங்கள்.

ஆனால் பயந்துபோய்ப் பட்டினி கிடக்காதீர்கள். இலக்கை எட்டுவதற்காகச் சோற்றை அறவே விட்டுவிட்டு, எண் நன்றாக வருகிறது என்று பெருமையாகக் காட்டும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிக்கு ஒரு நாளில் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து தேவை. அது கிடைக்காவிட்டால் உடல் கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன்களை உண்டாக்கும், அது குழந்தைக்கு நல்லதல்ல. உங்கள் எடை கூடாமல் நின்றுவிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

காலை உணவை மாற்றி மூன்று நான்கு நாள் பார்க்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. ஸ்கேனில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு அதிகமாக இருந்தாலோ பனிக்குட நீர் கூடியிருந்தாலோ அவர் காத்திருக்கச் சம்மதிக்க மாட்டார், அது நியாயம். வழக்கமான நடைமுறையே இரண்டு வாரம் உணவுக் கட்டுப்பாடு, பிறகும் 120க்கு மேல் நின்றால் மருந்து என்பதுதான். எனவே உங்கள் டாக்டர் அவசரப்படவில்லை.

இன்சுலின் ஏன்? தாயின் ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் போகும், இன்சுலின் போகாது. உங்கள் சர்க்கரை கூடினால் குழந்தையின் சின்னக் கணையம் அதைச் சமாளிக்கத் தானே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. அந்த இன்சுலின் குழந்தையின் உடலில் கொழுப்பைச் சேர்க்கிறது, குறிப்பாகத் தோளிலும் வயிற்றிலும். நுரையீரல் முதிர்ச்சியும் தள்ளிப்போகலாம். நீங்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் உங்கள் ரத்தத்தோடு நின்றுகொண்டு, குழந்தைக்கு வந்து சேரும் கூடுதல் குளுக்கோஸை மட்டும் தடுக்கிறது. மெட்பார்மின் மாத்திரையும் தருகிறார்கள், 20 வாரத்துக்குப் பிறகு அதை அரசு வழிகாட்டுதலும் அனுமதிக்கிறது. ஆனால் அது நஞ்சுக்கொடியைக் கடக்கும். இரண்டில் எது என்பதை எண்களும் ஸ்கேனும் பார்த்து டாக்டர் சொல்லட்டும். ஊசிக்குப் பயந்து மாத்திரை கேட்பவர்கள் பேனா ஊசியை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். 4 மில்லிமீட்டர் நீளம், விரலில் குத்துவதைவிட வலி குறைவு. தொடையிலோ வயிற்றின் பக்கவாட்டிலோ போடலாம், குழந்தையைத் தொடாது.

28 வாரத்திலிருந்து 36 வாரம்வரை இன்சுலின் அளவு கூடிக்கொண்டே போகும். நோய் முற்றுகிறது என்று அழாதீர்கள், நஞ்சுக்கொடி வளர்கிறது, அவ்வளவுதான். மாறாக, கடைசி வாரங்களில் தேவை திடீரென்று சரிந்தாலோ குழந்தையின் அசைவு குறைந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதித்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பாருங்கள். கைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். வீட்டில் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பிரசவத்தைப் பற்றி. கர்ப்பகாலச் சர்க்கரை இருக்கிறது என்பதோ இன்சுலின் போட்டுக்கொள்கிறீர்கள் என்பதோ தனியாகச் சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. சர்க்கரை கட்டுக்குள் இருந்து வேறு சிக்கல் இல்லாவிட்டால் சுகப்பிரசவத்துக்குத்தான் காத்திருப்பார்கள். தானாக வலி வராவிட்டால் பெரும்பாலும் 39 வாரம் முடிந்த கட்டத்தில் வலி வரவழைப்பார்கள். உங்கள் பயம் பாதி உண்மையாவது எங்கே என்றால், குழந்தையின் எடையில். தலையைவிடத் தோள் பருத்த குழந்தை, தலை வெளியே வந்தபின் தோளில் மாட்டிக்கொள்ளலாம். எந்தப் பிரசவ அறையும் எதிர்கொள்ள விரும்பாத நிலைமை அது. அதனால் ஸ்கேன் மதிப்பீடு 4 கிலோவைத் தாண்டினால் நம் நாட்டில் சிசேரியனை யோசிப்பார்கள். ஸ்கேன் சொல்லும் எடை பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவெடுப்பதில்லை. ஆக, சிசேரியன் வாய்ப்பைக் குறைக்கும் கருவியே உங்கள் கையில் இருக்கும் அந்த ஊசிதான்.

முன்கூட்டிப் பிரசவம் ஆகும் சூழல் வந்தால் குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் சர்க்கரை எகிறும். எதிர்பார்த்ததுதான், அடிக்கடி பார்த்து இன்சுலினைக் கூட்டுவார்கள்.

எங்கே பிரசவம் என்பதை 32 வாரத்துக்குள் முடிவு செய்யுங்கள். இன்சுலின் போடும் நிலையில், 24 மணி நேரமும் அறுவைச் சிகிச்சையும் பச்சிளம் குழந்தைப் பிரிவும் உள்ள இடமே சரி. அரசு மருத்துவமனைகளில் 'சீமாங்' மையம் என்று சொல்வது இதைத்தான். வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகக் குழந்தை மருத்துவர் இல்லாத சிறு நர்சிங் ஹோமைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

வலி எடுத்த அன்று, அல்லது வலி வரவழைக்கும் நாளில், காலை இன்சுலினைப் பொதுவாக நிறுத்திவைப்பார்கள். நீங்களாகப் போட்டுக்கொள்ளாமல், கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பிரசவ அறையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது விரலில் குத்திப் பார்த்து, கூடினால் டிரிப்ஸில் இன்சுலின் சேர்ப்பார்கள். அப்போது சர்க்கரை கூடினால் பிறந்ததும் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கும், அதனால்தான் இத்தனை கவனம். பையில் சேலைகளோடு மீட்டர், ஸ்ட்ரிப், உங்கள் நோட்டு மூன்றையும் வையுங்கள். பணியில் இருக்கும் டாக்டர் உங்களை முதன்முறை பார்ப்பவராக இருக்கலாம், அந்த நோட்டு அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். திட்டமிட்ட சிசேரியன் என்றால் காலையில் முதல் ஆளாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டாம்.

குழந்தை சர்க்கரை நோயோடு பிறப்பதில்லை. நடப்பது நேர்மாறானது. தொப்புள்கொடியை வெட்டியதும் உங்களிடமிருந்து வந்த குளுக்கோஸ் நின்றுவிடுகிறது, குழந்தையின் கணையமோ பழைய வேகத்திலேயே இன்சுலின் சுரந்துகொண்டிருக்கிறது. அதனால் முதல் சில மணி நேரங்களில் சர்க்கரை இறங்கிவிடலாம். குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், 45க்குக் கீழே போனால் சிகிச்சை. இதைத் தடுக்கச் சிறந்த மருந்து சீம்பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள், சிசேரியனாக இருந்தாலும், மார்பில் போட்டுப் பால் கொடுங்கள். பிறகு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. சேனை தொட்டு வைக்கிறோம் என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ கொண்டு வருவார்கள். சர்க்கரை இறங்கிய குழந்தைக்கு இனிப்பு நல்லதுதானே என்ற வாதமும் வரும். கூடாது. ஒரு வயதுக்கு முன் தேன் ஆபத்து, சர்க்கரைத் தண்ணீர் குழந்தை தாய்ப்பால் குடிப்பதைக் கெடுக்கும். தேவைப்பட்டால் குளுக்கோஸை ஊசி வழியாக எவ்வளவு கொடுப்பது என்று மருத்துவர்களுக்குத் தெரியும். குழந்தை சோர்ந்து பால் குடிக்காமல் இருந்தாலோ, கைகால் நடுங்கினாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். மஞ்சள் காமாலையும் சற்று அதிகமாக வரும், பெரும்பாலும் ஒளிச் சிகிச்சையிலேயே சரியாகிவிடும்.

உங்களுக்கு நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் தடை செய்த ஹார்மோன்கள் போய்விடும். சில மணி நேரத்திலேயே இன்சுலின் தேவை சரியும், பெரும்பாலான பெண்களுக்கு அன்றே நிறுத்திவிடுவார்கள். உங்கள் முதல் பயத்துக்கு இதுவே பதில். மூன்றாம் நாள் வாக்கில் ஒருமுறை வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள்.

இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். சர்க்கரை போய்விட்டது என்ற நிம்மதியில் பத்திய உணவு தொடங்கும். கருப்பட்டி போட்ட பிரசவ லேகியம், நெய், பால்சோறு. பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் தாராளமாகச் சாப்பிடுங்கள், லேகியத்தை மட்டும் நெல்லிக்காய் அளவோடு நிறுத்துங்கள். தாய்ப்பால் தொடர்ந்து கொடுப்பது உங்கள் சர்க்கரைக்கும் நல்லது. குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் தடுப்பூசி இருக்கிறது. அந்த நாளை யாரும் மறப்பதில்லை. அதே நாளில் உங்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள், இந்த முறை வெறும் வயிற்றோடு போங்கள். இரண்டு மணி நேர அளவு 140க்குக் கீழ் என்றால் இயல்பு, 140 முதல் 199 என்றால் எல்லைக்கோடு, 200 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். ரத்தசோகையும் பிரசவ ரத்தப்போக்கும் அந்த எண்ணைக் குழப்பிவிடும், அதை இப்போது நம்ப வேண்டாம்.

கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராதவரைவிட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம் என்று பெரிய ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. அதனால் ஆறாவது வாரம் இயல்பாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள், குழந்தையின் பிறந்தநாள் மாதத்தில் வைத்துக்கொண்டால் மறக்காது. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போது கருத்தரிப்பதற்கு முன்பே ஒருமுறை பாருங்கள், கர்ப்பம் உறுதியானதும் முதல் வருகையிலேயே 'போன முறை சர்க்கரை இருந்தது' என்று சொல்லிவிடுங்கள். இந்த நோட்டையும் தூக்கிப்போடாமல் கோப்பில் வையுங்கள், அன்றைக்கு டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.